செப்டம்பர் பத்தொன்பதில் நடந்தவை

நபோர் ஐந்து நாற்பதுக்கு எழுந்தான். காஸைத் திறந்தான், பாலை வைத்தான், ஓட்ஸைக் கொட்டிக் கிளறினான், காஸை மூடினான். மூடியாகிவிட்டதா என்று இரண்டு தரம் பார்த்தான். மகளின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். திங்கட்கிழமை பள்ளியில் கொடி வணக்கம், அதற்கு வெள்ளைதான். வாசலருகே இரண்டு ஜோடிக் காலணி, முனைகள் கதவைப் பார்த்தபடி இருந்தன. கதவில் மாட்டியிருந்த பையைத் திறந்து பார்த்தான். தண்ணீர், டார்ச், பிஸ்கட், பிறப்புச் சான்றிதழ்களின் நகல். எல்லாம் இருந்தன. பையை மூடினான். ஆறு பத்துக்கு மகளை எழுப்பினான்.

இதெல்லாம் தினமும் செய்வதுதான். இன்றைக்கு மட்டும் ஓட்ஸ் அடிப்பிடித்துவிட்டது.

ஐந்து வருடமாக அந்த வீட்டில் காலண்டர் மாட்டுவதில்லை. மாட்டாவிட்டால் தேதி வராமல் இருக்குமா? செப்டம்பர் பத்தொன்பது வந்துவிட்டது.

மெக்சிகோ நகரத்தில் அந்தத் தேதியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1985-இல் அன்றைக்குத்தான், காலை ஏழு பத்தொன்பதுக்குப் பூமி ஆடி ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். அவர்கள் நினைவாக வருடா வருடம் அதே தேதியில் நகரம் முழுக்க அபாயச் சங்கு ஊதித் தப்பிக்கும் ஒத்திகை நடத்துவார்கள். 2017-இலும் நடந்தது. காலை பதினொரு மணிக்கு எல்லாரும் படியிறங்கித் தெருவில் நின்று, சிரித்துப் பேசி, மறுபடி மேலே போய் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நிஜமாகவே ஆடியது. முப்பத்திரண்டு வருடம் தள்ளி, அதே தேதியில். நபோரின் மனைவி செனைதா அப்போது நாலாவது மாடியில், வீட்டில் இருந்தாள். நபோர் தெருவில் இருந்தான். மகள் நயேலிக்கு மூன்று வயது, இரண்டு தெரு தள்ளிக் குழந்தைகள் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டடம் முழுசாக உட்கார இருபது நொடிகூட ஆகவில்லை. நபோருக்கும் மகளுக்கும் ஒரு கீறல் இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செப்டம்பர் பத்தொன்பதிலும் அவன் மகளைக் கூட்டிக்கொண்டு விடிந்ததும் பூங்காவுக்குப் போய்விடுவான். பெரிய புல்வெளியின் நடுவில் விரிப்பைப் போடுவான். விழுந்தால் மரம்கூட எட்டாத தூரம். இருட்டும்வரை அங்கேயேதான். போன வருடம் மழை பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனைக்கும் அவன் வரலாறு படித்தவன். வானொலி நிலையத்தில் அவன் வேலையே தேதிகள்தான். 'இதே நாளில்' என்று தினமும் காலையில் ஐந்து நிமிடம் வரும் நிகழ்ச்சிக்கு எழுதிக்கொடுப்பான். எந்தப் போர், எந்தக் கண்டுபிடிப்பு, எந்த ராஜாவின் பிறப்பு. இரண்டு ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டான். எந்தத் தேதியைத் தோண்டினாலும் பிணம் வரும் என்பது அவனுக்குத் தெரியும். முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்குள் எத்தனையோ நூற்றாண்டுகளைத் திணித்தால் ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்யும். தெரிந்து என்ன? செப்டம்பர் பத்தொன்பதின் பட்டியலை மட்டும் வருடா வருடம் வேறு ஆள் எழுதினான்.

"அப்பா, இன்னைக்குப் பார்க் கெடையாது. சத்தியம் பண்ணியிருக்க" என்றாள் நயேலி.

"ஞாபகம் இருக்கு. சாப்பிடு."

"கருகிருச்சு. கருகினது சாப்பிட்டா தொண்டை கட்டும். நான் மைக்ல படிக்கணும்."

அதுதான் விஷயம். கொடி வணக்கம் முடிந்ததும் ஒரு பிள்ளை மைக் முன்னால் வந்து 'இதே நாளில்' வாசிக்க வேண்டும். இந்தத் திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பின் முறை. அப்பா செய்கிற வேலையைச் சொல்லி, டீச்சரை நச்சரித்து அந்த இடத்தை நயேலி வாங்கிவிட்டாள். இரண்டு வாரம் வீட்டில் சண்டை. முடியாது என்றான். அவள் மூன்று நாள் பேசவில்லை. எட்டு வயதுப் பெண் மூன்று நாள் பேசாமல் இருக்கிற வீட்டில் என்ன சத்தம் இருக்கும்? நான்காம் நாள் சத்தியம் பண்ணிக்கொடுத்தான்.

பட்டியலையும் அவன்தான் எழுதினான். யாரும் சாகாத விஷயமாகத் தேடி எடுத்தான். 1783: பிரெஞ்சு ராஜாவின் கண்ணெதிரே ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றும் பலூனில் பறந்து பத்திரமாக இறங்கின. 1893: நியூசிலாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை. 1991: ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதன். இவனைச் சேர்ப்பதா என்று கொஞ்சம் யோசித்தான். செத்தவன்தான். ஆனால் அழுவதற்கு ஆளில்லாத அளவுக்குப் பழையவன், போகட்டும் என்று விட்டான்.

"சேவலுக்கு ஒண்ணும் ஆகலதான?"

"றெக்கைல லேசா அடி. மேல போறதுக்கு முன்னாடியே ஆடு ஒதைச்சிருச்சு."

"பலூன்ல போற நேரத்துலயும் சண்டையா" என்று சிரித்தாள். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். "நான் இன்னொண்ணு சேத்திருக்கேன். மொத்தம் நாலு."

"என்ன சேத்த?"

"அங்க வந்து கேளு."

பள்ளி மைதானத்தில் கொடி அரைக் கம்பத்தில் பறந்தது. முந்நூறு பிள்ளைகள், முந்நூறு வெள்ளைச் சட்டை. மூன்றாம் வகுப்பின் பெற்றோர் மட்டும் சுவரோரமாக நின்றார்கள். நபோர் சுவரை விட்டு நாலடி தள்ளி நின்றான். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தான். ஒன்றுமில்லை, வானம். இரண்டு மாடிக் கட்டடம், படிக்கட்டு வலது கோடியில், மொட்டைமாடியில் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிகள் அவனுக்குப் பிடிக்கவில்லை.

நயேலி மைக்கைப் பிடித்துக் கீழே இழுத்தாள். குரல் கணீரென்று வந்தது. ஆடு, வாத்து, சேவலுக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஓட்டுரிமைக்குத் தாய்மார் இருவர் கைதட்டினார்கள். பனி மனிதனுக்கு ஒரு பையன் "ஊ" என்றான். அப்புறம் அவள் காகிதத்தைத் திருப்பினாள்.

"நான்கு. 2017, செப்டம்பர் பத்தொன்பது, மதியம் ஒன்று பதினாலு. என் அம்மா செனைதா நாலாவது மாடியில் இருந்தார். அப்பா தெருவில் இருந்தார். அம்மா ஜன்னலில் நின்று, 'பொண்ணைப் பாத்துக்கோ' என்று அப்பாவிடம் சொன்னார். அதனால் அவருக்கு இறங்க நேரம் இல்லாமல் போனது. நன்றி."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு டீச்சர் மூக்கை உறிஞ்சினார்.

 அந்த 'அதனால்' நபோர் எழுதிக்கொடுத்ததில்லை.

'பொண்ணைப் பாத்துக்கோ' மட்டும் அவன் எழுதியது. அதாவது, அவன் இட்டுக்கட்டியது. செனைதாவை இடிபாட்டிலிருந்து எடுத்த மறுநாள் அவள் அம்மா புவேப்லா ஊரிலிருந்து போனில் கேட்டாள்: "எம்பொண்ணு கடைசியா என்ன சொன்னா?" நிஜத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்தம்மாள் மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம் அவன் இதைச் சொன்னான். சாகிறவர்கள் சொல்வதாக எல்லாரும் நம்புகிற மாதிரி ஒன்று. அந்தம்மாள் அழுதாள், நிம்மதியாகவும் அழுதாள். ஒன்பது நாள் ஜெபத்தில் பாதிரியார் அதைத் திருப்பிச் சொன்னார். கல்லறைக் கல்லில் செதுக்கினார்கள். ஜன்னல் எப்போது வந்து சேர்ந்தது என்பது அவனுக்கே தெரியாது. யாரோ சேர்த்தார்கள், அவன் மறுக்கவில்லை. இரண்டு ஆதாரம் கேட்கிறவன். இதற்கு ஒரே ஆதாரம் அவன்தான், அதுவும் பொய்.

பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குத் திரும்பினார்கள். நபோர் நேரே டீச்சர் பெர்லாவிடம் போனான்.

"டீச்சர், அவளக் கூட்டிட்டுப் போறேன். ஒடம்பு சரியில்ல."

"யாருக்கு சார், அவளுக்கா?" பெர்லா அவன் முகத்தைப் பார்த்தபடி கேட்டார். "இன்னைக்கு ஒத்திகைல எங்க வரிசைக்கு அவதான் தலைவி. போன வாரம் ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாத்தோம். மாடிலேர்ந்து மைதானம் வரைக்கும் நாப்பத்திரண்டு செகண்ட்."

டீச்சருக்குப் பின்னால் நயேலி நின்றிருந்தாள். வாயை மட்டும் அசைத்தாள்: சத்தியம்.

அவன் வெளியே வந்தான். இரும்பு கேட்டை மூடித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

கேட்டுக்கு எதிர்ப்பக்கம் தோன்யா ஒதிலியாவின் ரொட்டி வண்டி. ஐம்பதைத் தாண்டியவர். ரொட்டியைப் பிளந்து பீன்ஸ், வெண்ணெய்ப் பழம், மிளகாய் வைத்துக் கொடுப்பார். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நபோர் அதில் உட்கார்ந்தான். மணி எட்டே முக்கால்.

பத்து மணிக்குத் தோன்யா கேட்டார். "தம்பி, நீ ஸ்கூலுக்கு வாட்ச்மேனா, இல்ல என் வண்டிக்கா?"

"பொண்ணு உள்ள இருக்கா."

"எல்லார் பொண்ணும்தான் உள்ள இருக்கு. அவங்கப்பன்லாம் வேலைக்குப் போயிட்டான்."

"இன்னைக்குப் பத்தொன்பது, தோன்யா."

"அதச் சொல்லு." மிளகாயை வெட்டிக்கொண்டே போனார். "செப்டம்பர்ல பதினெட்டுக்கு அப்புறம் நேரா இருபதுன்னு அச்சடிக்கச் சொல்லணும். ஒரு நாள்தான, யாருக்கு நட்டம்?"

"பூமிக்குத் தேதி தெரியாது. எந்தத் தேதிய எடுத்தாலும் ஏதாவது ஒண்ணு நடந்திருக்கும். நான் அதத்தான் வேலையா செய்றேன்."

"பெரிய படிப்பு." கத்தியால் அவனைச் சுட்டினார். "அப்பறம் எதுக்கு இங்க ஒக்காந்து வேர்த்துக்கிட்டிருக்க?"

அவன் நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்தான். தோன்யாவும் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

"எண்பத்தஞ்சுல எனக்குப் பதினாலு வயசு. தலை பின்னிக்கிட்டிருந்தேன். ஒரு பக்கப் பின்னலோட தெருவுக்கு வந்தவதான், இன்னொரு பக்கம் பின்றதுக்கு நாலு நாளாச்சு. சீப்பு வீட்டுக்குள்ள, வீடு மண்ணுக்குள்ள." சிரித்தார். "சாப்பிடு. வெறும் வயித்துல பயப்படக் கூடாது, புளிச்ச ஏப்பம் வரும்."

பன்னிரண்டு பத்தொன்பதுக்கு ஒத்திகை. தெருக்கம்பங்களின் ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. நடுவே அந்த ஆண்குரல், ஒட்டு உறவில்லாத குரல்: நிலநடுக்க எச்சரிக்கை, நிலநடுக்க எச்சரிக்கை. தெரியும், முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் அவன் எழுந்து நின்றபோது ஸ்டூல் பின்னால் விழுந்தது. கேட்டுக்கு உள்ளே முந்நூறு குரல் ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டு இறங்கின:

"ஓட மாட்டேன்! கத்த மாட்டேன்! தள்ள மாட்டேன்!"

கம்பி வழியாகப் பார்த்தான். நயேலி வரிசையின் முன்னால், கை இரண்டும் தலைமேல். மைதானத்தில் வரைந்திருந்த பச்சை வட்டத்துக்குள் போய் நின்று திரும்பி வரிசையை எண்ணினாள். அவனைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. தலைவிகள் சிரிப்பதில்லை போலிருக்கிறது.

தெருவிலும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். தையல் கடைக்காரர், முடிதிருத்துகிறவர், மாடி அலுவலகத்துக் கணக்கர்கள். போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். "மறுபடி ரெண்டு மணி நேரத்துல பாப்போம்" என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் அவனைத் திட்டிச் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

நபோர் ஸ்டூலை எடுத்து நிறுத்தி உட்கார்ந்தான். ஒன்று பதினாலு வரை தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தான். ஏன் அப்படி நினைத்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேதிக்குப் பயந்தவன் இப்போது நிமிடத்துக்கும் பயந்தான். பன்னிரண்டு ஐம்பது. ஒன்று. ஒன்று மூன்று.

ஒன்று ஐந்துக்கு ஒலிபெருக்கி ஊளையிட்டது.

தோன்யா தலையை நிமிர்த்தவில்லை. "எவனோ சுவிட்ச அணைக்க மறந்துட்டான். கவர்மெண்டு வேலை" என்று தக்காளியை வெட்டினார்.

நபோரும் எழவில்லை. ஐந்து வருடம் இந்தச் சத்தத்துக்காகவே காலணியைக் கதவைப் பார்த்து வைத்தவன், சத்தம் வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து, ஒத்திகைதான், ஒத்திகையின் மிச்சம்தான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது. எதிரே ஒரு பெண் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கம்பத்தை ஒரு பார்வை பார்த்தாள். ஒருத்தரும் நகரவில்லை.

முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தார். கழுத்தில் துணி, பாதி முகத்தில் சோப்பு நுரை.

"யோவ், இது நெசம்யா! இது நெசம்!"

அப்போதுதான் எல்லாரும் எழுந்தார்கள். தோன்யா முதலில் வண்டியின் காஸ் சிலிண்டரை மூடினார். நபோர் ஓடினான். தெருவைக் கடந்து கேட்டைப் பிடித்துக்கொண்டான். உள்ளே படிக்கட்டில் வெள்ளைச் சட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர்கள் தாளத்தில் சொன்னார்களா என்று தெரியவில்லை, சங்கு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கடைசி வரிசை மைதானத்துக்குள் கால்வைத்தது. பூமி வந்தது.

முதலில் ஒரு இழுப்பு, யாரோ தரைவிரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்த மாதிரி. அப்புறம் பக்கவாட்டில், மெதுவாக, பெரிதாக. கேட் அவன் கைக்குள் முன்னும் பின்னும் போனது. மின்கம்பிகள் ஒன்றோடொன்று அறைந்துகொண்டன. மூலையிலிருந்த டிரான்ஸ்பார்மர் நீலமாக வெடித்தது. மொட்டைமாடித் தொட்டிகளில் ஒன்றிலிருந்து தண்ணீர் தளும்பிச் சுவர்வழி இறங்கியது. நபோர் அந்தத் தொட்டியை மட்டும் பார்த்தான். அது நகர்ந்தது. நகர்ந்த மாதிரி இருந்தது. "நயேலி!" என்று கத்தினான். தன் குரல் தன் காதுக்கே வரவில்லை.

மைதானத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து தலையைக் கையால் மூடியிருந்தார்கள். முந்நூறு வெள்ளை முதுகு. எது அவளுடையது? வலதிலிருந்து தேடினான், நடுவில் தொலைத்தான், மறுபடி வலதிலிருந்து தேடினான். இவ்வளவுதான், இது மூன்றாம் முறை, மூன்றாம் முறை விடாது என்று ஒரு குரல் அவனுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது. அது அவனுடைய வானொலிக் குரல். தேதியும் மணியும் சொல்லி நிதானமாக வாசித்தது. நாளைக்கு இதை எவனோ எழுதுவான். 2022, ஒன்று ஐந்து.

"சொவத்த விட்டு வா தம்பி! விழுந்தா ஒம்மேலதான்!" தோன்யா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அவன் கம்பியை விடவில்லை. அவர் இன்னொரு கையால் அவன் காதைப் பிடித்துத் திருகினார். வலி உறைத்தது. விட்டான். இரண்டு பேரும் தெரு நடுவில் போய் விழுந்தார்கள். தோன்யா அவன் தலையைத் தன் ஏப்ரனுக்குள் அழுத்திக்கொண்டு ஜெபம் சொன்னார். வெங்காய வாசனை. ஜெபத்துக்கு நடுவே மூன்று கெட்ட வார்த்தையும் வந்தது.

நின்றுவிட்டது.

முதலில் நாய்களின் சத்தம் கேட்டது. அப்புறம் அழுகை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தம்: மறுபடியும் இதே நாளா, இதே நாளா, கடவுளே, மறுபடியுமா. கட்டடம் நின்றிருந்தது. தொட்டி இருந்த இடத்தில் இருந்தது. சுவரில் ஒரு ஈரக்கோடு மட்டும்.

கேட்டைத் திறந்தபோது முதல் ஆள் நபோர். பெர்லா அவனை ஐந்து மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்தவர். இருந்தாலும் பெற்றோர் அடையாள அட்டையைக் கேட்டார். அட்டை இல்லாமல் பிள்ளையை விடக் கூடாது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி சார்" என்றார். "வரிசைய அருமையா எறக்கினா. ஒரு பிள்ள ஓடல."

நயேலியின் முழங்காலில் மண். அழவில்லை. அவன் அவளைத் தூக்கினான். எட்டு வயதுப் பெண்ணைத் தூக்கி ரொம்ப நாளாயிற்று, கனத்தாள். "எறக்கிவிடுப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். அவன் இறக்கவில்லை. தெருவைக் கடந்த பிறகுதான் இறக்கினான்.

தோன்யா கூடையிலிருந்து ரொட்டிகளை எடுத்துத் தெருவில் நின்ற எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் ரொட்டி. பயந்த வயிற்றில் அதைத்தான் போட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். பாதி சவரம் செய்த ஆள் நுரையோடு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"புடி, பயத்துக்கு. தலைவிக்கு ரெண்டு" என்றார் தோன்யா.

அப்பாவும் மகளும் நடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்து மென்றார்கள். ரொட்டி காய்ந்திருந்தது, தொண்டையில் இறங்க நேரம் எடுத்தது. நபோர் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று இருபத்தெட்டு. ஒன்று பதினாலு எப்போதோ போய்விட்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"டீச்சர் என் பக்கத்துலதான் நின்னு கத்தினாங்க. வாய் அசையுது. ஒண்ணுமே கேக்கல."

"சங்கு சத்தம்."

"சங்கு மட்டும் இல்ல. தரைக்குள்ளேர்ந்து ஒண்ணு வந்துச்சு. லாரி மாதிரி." ரொட்டியின் மேல்தோலைப் பிய்த்து மடியில் வைத்தாள். "நீ தெருவுல இருந்த. அம்மா நாலாவது மாடி."

அவன் மெல்வதை நிறுத்தினான்.

"எப்பிடிப்பா ஒனக்குக் கேட்டுச்சு?"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வந்த பயம் ஒரு மாதிரி. இது வேறு. அது வெளியே இருந்து வந்தது, நிற்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அவன் தோன்யாவின் பக்கம் பார்த்தான், யாராவது கூப்பிடமாட்டார்களா என்று. யாரும் கூப்பிடவில்லை.

"இல்ல, நான் யோசிச்சேன்" என்றாள் நயேலி. வேகமாகப் பேசினாள், முன்பே பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுபோல. "நாங்க நாப்பத்திரண்டு செகண்ட்ல எறங்கறோம், முப்பது பேர். அம்மா ஒரே ஆளு. ஜன்னலுக்குப் போகாம, என்னைப் பத்திச் சொல்லாம, நேரா படிக்கு வந்திருந்தா எறங்கியிருக்கலாம். எனக்காக நின்னுட்டாங்க. அப்பிடித்தான?"

எத்தனை நாளாக இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்? வகுப்பில் ஸ்டாப்வாட்ச் வைத்த அன்றிலிருந்தா? அதற்கும் முன்னாலா? பூங்காவில் குடைக்குள் உட்கார்ந்திருந்தபோதா?

"கேக்கல" என்றான் நபோர்.

"என்ன?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. அம்மா அப்பிடிச் சொல்லல. நான் பொய் சொன்னேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"பாட்டிகிட்டயுமா?"

"பாட்டிகிட்டதான் மொதல்ல."

"கல்லுல எழுதியிருக்கு."

"ஆமா. கல்லுலயும் பொய்."

"அப்ப ஜன்னல்ல நிக்கலியா?"

"நின்னாளான்னு தெரியாது. நான் தெருமுனை தாண்டிட்டேன், அங்கேர்ந்து வீடே தெரியாது. சங்கு ஊதறதுக்குள்ள ஆட ஆரம்பிச்சிருச்சு அன்னைக்கு. நாப்பத்திரண்டு செகண்ட் யாருக்கும் கெடைக்கல, நயேலி. இருபதுகூட இல்ல. எறங்கியிருக்கவே முடியாது. யாராலயும்."

"என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

"சொல்லல."

இதைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று ஐந்து வருடம் பயந்திருந்தான். அவள் உடையவில்லை. மூச்சை மட்டும் நீளமாக விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. பெரியவர்கள் மூட்டையை இறக்கிவைத்த பிறகு நிற்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப என்னால இல்ல."

"உன்னால இல்ல."

ரொட்டியை எடுத்து இன்னொரு கடி கடித்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப நெசமா என்னதான் சொன்னாங்க?"

அதை அவன் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. தனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. அன்றைக்குச் செனைதா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தாள், தலையில் துண்டு. அவன் சோபாவில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு தரம் கூப்பிட்டும் எழவில்லை. கீழே தெருமுனையில் குப்பை வண்டியின் மணி ஆட்டுகிற சத்தம். அவள் குப்பைப் பையைக் கொண்டுவந்து அவன் வயிற்றின்மேல் வைத்தாள். நிஜமான கோபம்தான். அவன் முனகிக்கொண்டே எழுந்து படியிறங்கினான். இரண்டாம் மாடி வந்தபோது மேலேயிருந்து அவள் குரல் வந்தது, எந்தச் சங்கும் இல்லாத மதியத்தில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

"சீக்கிரம் ஓடு, வண்டி போயிரும்! பைய நிமித்திப் புடி, போன தடவ மாதிரி படியெல்லாம் ஒழுக விடாத, அப்பறம் நாந்தான் தொடைக்கணும்!"